பரம்பரை பிக்கப் வண்டியை மீண்டும் ஓட வைப்பது: முழுமையான வழிகாட்டி

குடும்பத்தில் கைமாறி வந்த பழைய பிக்கப்பைச் சீரமைக்கத் தொடங்குபவர்களில் பலர் துருவிடம் தோற்பதில்லை, அட்டைப்பெட்டிகளிடம்தான் தோற்கிறார்கள். ஆரம்ப உற்சாகத்தில் வண்டி முழுவதையும் கழற்றிவிடுவார்கள். கேபின் ஒரு பக்கம், என்ஜின் ஒரு பக்கம், எதற்கு உரியவை என்று தெரியாத நட்டுகள் நிறைந்த டப்பாக்கள் சுவரோரம். சில மாதங்கள் கழித்து எது எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கடைசியில் வண்டி உதிரியாக விலைபோகும்.

ஆகவே இங்கே சொல்லப்போகும் அனைத்துக்கும் ஒரே விதிதான் அடிப்படை. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் பிரியுங்கள். அதைச் சேர்த்து, சோதித்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். தள்ளினால் உருளும் நிலையில் வண்டி எந்நாளும் இருக்க வேண்டும். பெயின்ட் கடைசி வேலை. அதை முதலில் செய்யச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: எதுவரை போவது என்று முடிவெடுப்பது

மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, பாதுகாப்பாக ஓடும் அளவுக்கு மட்டும் சரிசெய்வது. இரண்டு, இயந்திரப் பகுதிகளைப் புதிதுபோல் ஆக்கிவிட்டு வெளித்தோற்றத்தை அதன் வயதோடு விட்டுவிடுவது. மூன்று, சேஸிஸிலிருந்து கேபினைத் தூக்கி, எல்லாவற்றையும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோவது.

பரம்பரை வண்டிக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அதே மாடலில் பளபளப்பான வண்டி வேண்டுமென்றால் வெளியே வாங்கிக்கொள்ளலாம். கதவின் உட்புறத்தில் தாத்தா பென்சிலால் குறித்த ஆயில் மாற்றிய கணக்கும், பின்தொட்டியில் அவர் ஏற்றிய சுமைகளின் தழும்பும் வாங்கக் கிடைப்பவை அல்ல. எமரி பேப்பர் ஒருமுறை தேய்த்துவிட்டால் அவை திரும்பவும் வராது. எவற்றைத் தொடக்கூடாது என்று முதலிலேயே ஒரு பட்டியல் எழுதிவிடுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டென்றால் அந்தப் பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து எழுதுவது பிற்காலத்து மனக்கசப்பைத் தவிர்க்கும்.

வண்டியை ஓட்டிய பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எந்தக் கியர் நழுவும், எப்போது கிளட்ச் மாற்றப்பட்டது, டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் தனி வயர் எதற்கு, கடைசியாக ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அதிலும் "ஏன் நிறுத்தினீர்கள்" என்ற கேள்விக்கான பதில் பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

கூடவே ஆவணங்கள். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உரிமை உங்கள் பெயருக்கு மாறும் முன் பெரிய செலவு வேண்டாம். எண் பொறித்த இடத்தைத் துரு நீக்கும்போதுகூட அரைக்கக் கூடாது. அந்தத் தகட்டைக் கழற்றவும் கூடாது.

படி 2: சேஸிஸ் பரிசோதனை

இதில் தேறாத வண்டிக்கு மற்ற படிகள் தேவையில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

ஒரு சிறிய சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம் போதும். சேஸிஸ் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரிக்கப்பட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். மண் தங்கும் இடங்களில்தான் கேடு அதிகம்: பின் அச்சுக்கு மேல் சட்டம் வளையும் பகுதி, பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகள், ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்திய இடம், கேபினுக்கும் பின்தொட்டிக்கும் இடைப்பட்ட பகுதி. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடிக்கப்பட்ட இடத்தில் துரு ஊறி அவற்றைப் பிரித்துத் தள்ளியிருந்தால், அது கைதேர்ந்த வெல்டரின் வேலை.

பிறகு குறுக்களவு. முன்புற இடப் போல்ட்டிலிருந்து பின்புற வலப் போல்ட்டுக்கும், அதற்கு எதிர்மாறாகவும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். பெரிய வேறுபாடு இருந்தால் வண்டி எப்போதோ மோதியிருக்கிறது.

கேபினில் தரைத்தகடு, கதவின் அடிவிளிம்பு, கேபினின் பின் மூலைகள், முன்கண்ணாடியின் கீழ் ஓரம், கேபினைச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் தாங்கிகள் ஆகியவற்றைப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.

தொடங்கும் முன் நான்கு எச்சரிக்கைகள்

பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்க வேண்டாம். ரிம் இரண்டு மூன்று வளையங்களாகப் பிரியும் வகை என்றால் அதைக் கழற்றுவதையும் காற்றடிப்பதையும் கூண்டு வசதியுள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். அந்த வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் செய்யாதீர்கள். அதன் எச்சம் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

படி 3: என்ஜினை எழுப்புவது

பல ஆண்டுகள் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆவலைப் போலக் கேடு விளைவிப்பது வேறில்லை. உலர்ந்த சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ரிங்குகள் கீறும். சிக்கிய வால்வு தள்ளுகோலை வளைக்கும்.

முதலில் ஏர் ஃபில்டரைத் திறங்கள். எலிக்கூடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்து ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடியுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மினுக்கும் துகள்கள் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் இயந்திர வகை எரிபொருள் பம்பின் டயஃபிரம் கிழிந்திருக்கலாம்.

பிளக்குகளைக் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் மெல்லிய ஆயில் ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நடு நட்டில் ஸ்பானரைப் போட்டு, என்ஜின் சுழலும் திசையில் கையால் மெல்லத் திருப்புங்கள். சுழன்றால் நிம்மதி.

சுழலவில்லை என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து சிலிண்டர்களில் ஊற்றி, தினமும் கொஞ்சம் முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். இந்தக் கலவை தீப்பற்றும். பேட்டரியையும் நெருப்பையும் தொலைவில் வையுங்கள். பொறுமைதான் இங்கே கருவி. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக் கியரில் போட்டு இறுக்கத்தை உடைக்க நினைப்பவர்கள் பிஸ்டனையே உடைக்கிறார்கள். வாரக்கணக்கில் ஊறியும் அசையாவிட்டால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கையால் சுழலத் தொடங்கியதும் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, ஆயில் அழுத்தமானி உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்த பிறகு, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை: எல்லாப் பிளக்குகளும் வெளியே, த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில், நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரியுடன். மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றியதும் அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கட் பிய்ந்திருக்கும். நெடுநாள் நின்ற என்ஜினில் முதல் அளவைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கொஞ்சம் ஓடியதும் வால்வுகள் சீராக அமர்ந்து அளவு உயர்வது வழக்கம்.

அடுத்து எரிபொருள். டேங்கில் உள்ளது வார்னிஷ் வாடையோடு பிசுபிசுத்துப் போயிருக்கும். டேங்கை இறக்கி, காலி செய்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துருவை நீக்கி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். காலியான டேங்கில்கூட வெல்டிங் வைக்கக் கூடாது. திரவத்தைவிட ஆவிதான் வெடிக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் மென்மையாகி உதிரும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் கார்புரேட்டருக்கான புதிய கேஸ்கட் தொகுப்பையும் போடுங்கள். முதல் ஓட்டத்துக்கு அசல் டேங்கைப் பயன்படுத்தாமல், தனி கேனிலிருந்து புது பெட்ரோல் கொடுப்பது நல்லது.

தீப்பொறிக்குப் பெரும்பாலும் சின்ன வேலைதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயின்டைச் சுத்தம் செய்யுங்கள். இடைவெளி பல வண்டிகளில் 0.4 மி.மீ. அளவில் இருக்கும், உங்கள் கையேட்டின் அளவே இறுதி. கண்டென்சரை மாற்றுங்கள்.

டீசல் வண்டியென்றால் ஸ்பார்க் பிளக்கும் பாயின்டும் கிடையாது. எரிபொருள் பாதையிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றுவதே பாதி வேலை. கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் காற்று நுழையும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையைத் தயாராக வைத்திருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் கண் ஆயில் அழுத்தத்தில் இருக்கட்டும். பத்து வினாடிக்குள் உயராவிட்டால் நிறுத்திவிடுங்கள். அருகில் தீயணைப்பான் இருக்க வேண்டும். குளிர்விப்பு அமைப்பைச் சுத்தமாக அலசிவிட்டுத் தண்ணீரும் கூலன்டும் சரிபாதியாக நிரப்புங்கள். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பலரின் பழக்கம். அடைத்த ரேடியேட்டரைக் கவனிக்காமல் செய்யும் அந்த வேலையால் என்ஜின் சரியான சூட்டையே எட்டாமல் தேயும்.

பழைய வடிவமைப்பில் கேம்ஷாஃப்டின் மேல் வால்வு லிஃப்டர் உரசிக்கொண்டே சுழலும். இதற்குத் துத்தநாகச் சேர்மம் கலந்த ஆயில் வேண்டும்; புதுக் கார்களுக்கான பல ஆயில்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது. பழைய என்ஜின்களுக்கென்று விற்பதை வாங்குங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து என்ஜினில் வால்வு இருக்கைகள் மென்மையானவை. மெதுவாக ஓட்டினால் உடனடிக் கவலை இல்லை. எப்போதாவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் கடினமான இருக்கைகளைப் பொருத்திவிடுங்கள்.

படி 4: பிரேக்

என்ஜின் ஓடியதும் ஒரு சுற்றுப் போய்வரத் தோன்றும். போகாதீர்கள். நின்ற வண்டியின் பிரேக்கை, மிதித்தால் பிடிக்கிறது என்பதற்காக மட்டும் நம்பக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 வகைக்கு முறையே 230, 155. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரைவரை போகும். அதே ஈரம்தான் சிலிண்டர்களின் உட்சுவரைக் குழிகுழியாக அரிக்கும்.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி ஒருவழி வால்வுபோல நடந்துகொள்ளும். மிதித்தால் ஆயில் போகும், திரும்பி வராது. அந்தச் சக்கரம் இறுகிச் சூடேறும். காரணம் தெரியாமல் டிரம்மைக் கடைவார்கள். உலோகக் குழாய்களைச் செம்பு-நிக்கல் கலவையில் போட்டால் துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. முனைகளை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இறுக்கு இணைப்பை இங்கே பயன்படுத்தவே கூடாது.

டாட் 3, டாட் 4 இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 இவற்றோடு சேராது. எது போட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதும் அலசிவிட்டுத் தொடங்குங்கள்.

1960களின் நடுப்பகுதிவரை வந்த பல பிக்கப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்றுதான். எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் எல்லா பிரேக்கும் போய்விடும். மூல வடிவத்தைக் காப்பதில் எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதில் நான் தயங்க மாட்டேன். வெளியே யாருக்கும் தெரியாத மாற்றம் அது.

ஷூவின் இடைவெளியை முதலில் சரிசெய்து, பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி, பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். கைபிரேக் சரிவில் தனியாக வண்டியைத் தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

டயரின் பட்டன் (தரையில் பதியும் மேடுபள்ளம்) எவ்வளவு ஆழம் என்பதைவிட வயது முக்கியம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 3718 என்றால் 2018இன் 37ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முந்தையது. வண்டியை நகர்த்துவதற்கு மேல் எதற்கும் ஆகாது.

படி 5: ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், கியர்

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால், முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின். பட்டை ஸ்பிரிங்கின் யு-போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே போடுங்கள். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை அடியுங்கள்.

கியர் ஆயிலில் கவனம் வேண்டும். கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உள்ள பழைய கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம் ஏற்றது. ஜிஎல்-5இல் உள்ள சேர்க்கைகள் பித்தளையைத் தாக்கக்கூடும். பின் அச்சின் ஹைபாய்டு பல்சக்கரத்துக்கோ ஜிஎல்-5 தான் வேண்டும்.

படி 6: வயரிங்

முதலில் வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா, எர்த் (வண்டியின் உடலோடு இணைந்த பேட்டரி முனை) பாஸிட்டிவா, நெகட்டிவா என்று உறுதிசெய்யுங்கள். பழைய வண்டிகளில் பாஸிட்டிவ் எர்த் உண்டு. வயரை மடித்தால் மேலுறை நொறுங்கினால் ஒட்டுப்போட வேண்டாம். முழு வயர் தொகுப்பையும் மாற்றுங்கள். விளக்கு மங்கலாக எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் துருப்பிடித்த எர்த் இணைப்பு. எரியும் விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கேதான் கோளாறு. ஃபியூஸ் குறைவான வண்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபியூஸும், ஹெட்லைட்டுக்கு ரிலேயும் சேர்த்துவிடுங்கள்.

படி 7: தகட்டு வேலை

இப்போது வண்டி ஓடும், நிற்கும், ஒளிரும். இனி நிதானமாக உடலைப் பார்க்கலாம். கழற்றும் போல்ட்டை அதே துளையில் இரண்டு சுற்றுத் திருகி வைப்பது எந்த டப்பாவையும்விடப் பாதுகாப்பானது. கழற்றும் முன் ஒவ்வோர் இணைப்பையும் படமெடுங்கள்.

மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துரு மாற்றியால் பூசினால் போதும். சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது: சலவை சோடா கரைத்த நீர், பேட்டரி சார்ஜர், பாஸிட்டிவ் முனையில் சாதா இரும்புத் துண்டு. அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தினால் நச்சான குரோமியம் நீரில் கலக்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் செய்யுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தில் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, புதுத்தகட்டை விளிம்போடு விளிம்பு பொருத்தி வெல்டிங் செய்ய வேண்டும். பழைய தகட்டின் மேலேயே ஒட்டு வைத்தால் இரண்டுக்கும் நடுவே நீர் தங்கி மீண்டும் அரிக்கும். மெல்லிய தகடு சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும் என்பதால் தொடர்ந்து இழுக்காமல் புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு முறையும் தள்ளித் தள்ளி வைத்து, ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்புங்கள். கேபினின் அடிவிளிம்பை வெட்டும் முன் கதவைப் பூட்டிவைத்து, உள்ளே குறுக்குக் கம்பிகள் கட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இல்லையென்றால் வேலை முடிந்ததும் கதவு மூடாது.

பட்டி 3 மி.மீ.க்குமேல் போகக் கூடாது. அதற்குமேல் தேவைப்பட்டால் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது போதவில்லை என்று பொருள்.

படி 8: பெயின்ட், அல்லது பெயின்ட் வேண்டாம் என்ற முடிவு

வெறும் இரும்பின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர். அது ஈரத்தைத் தடுக்கும். சாதாரண பிரைமர் நீரை உள்ளே விடும். அதோடு மழையில் ஓட்டினால் அடியில் துரு மறுபடி தொடங்கும். இரண்டு பாகமாகக் கலக்கும் யூரித்தேன் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உள்ளது. தூசி முகமூடி அதற்குப் போதாது. வெளியிலிருந்து தூய காற்று வரும் கவசம் தேவை. அந்த வசதி இல்லாதவர்கள் தயாரிப்பு வேலையை மட்டும் செய்துவிட்டு, பூசுவதைப் பட்டறையில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பழைய நிறத்தை அப்படியே வைக்க முடிவுசெய்தால், மென்மையான சோப்பால் கழுவி, நிறம் இருக்கும் இடத்தில் பாலிஷும் முழுவதற்கும் மெழுகும் போடுங்கள். துருவின் மேல் கிளியர் லாக்கர் அடிக்கும் வழக்கம் எனக்கு ஒப்பாது. சில காலத்தில் உரிந்து தொங்கும், பிறகு எடுக்கவும் முடியாது.

பின்தொட்டியின் தளம் மரப்பலகையாக இருந்தால் பொருத்தும் முன் ஆறு பக்கமும் எண்ணெயோ வார்னிஷோ பூசுங்கள். வெட்டுமுனைகளில் இரண்டு மடங்கு. மரம் ஈரத்தில் விரிவதற்குப் பலகைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதை உலோகப் பட்டைகளால் மூடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கதவுகளுக்குள்ளும் கேபின் மூலைகளுக்குள்ளும் சேஸிஸ் சட்டத்துக்குள்ளும் உட்குழி மெழுகைப் பீய்ச்சுங்கள். அடியிலுள்ள வடிதுளைகளை அந்த மெழுகு அடைக்காமல் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.

படி 9: முதல் ஓட்டங்கள்

தொடக்கத்தில் நடந்து திரும்பிவிடக்கூடிய தூரத்துக்கு மேல் போக வேண்டாம். திரும்பியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. அடியில் அட்டை விரித்துவிட்டு மறுநாள் காலை கசிவைப் பாருங்கள். கறையின் நிறமும் இடமும் எதிலிருந்து ஒழுகுகிறது என்று சொல்லிவிடும். வீல் நட்டுகளையும் யு-போல்ட்டுகளையும் முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்குங்கள். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். உள்ளே பல ஆண்டுகளாகத் தங்கியிருந்த கசடு அதில் வந்துசேரும். கழற்றிய பழைய பாகங்களை, வார்ப்பு எண் தெரியும்படி துடைத்து, எதிலிருந்து எடுத்தது என்று அட்டை கட்டி வையுங்கள். அடுத்தமுறை உதிரி தேடும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.